ஒரு மில்லிமீட்டர் காடு

தங்கமுத்துவிடம் பேச வேண்டுமென்றால் அவருடைய வலப்பக்கம் போய் நிற்க வேண்டும். இடது காதை ரிக் வண்டியின் கம்ப்ரஸர் இருபத்திரண்டு வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்திருந்தது. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பிய அந்த வண்டி, சத்தீஸ்கர், ஒடிசா, ராஜஸ்தான் என்று தண்ணீர் கேட்ட ஊருக்கெல்லாம் போய்ப் பூமியில் துளை போட்டது. அவர் அதன் ஆபரேட்டர். ஆயிரம் அடி ஆழத்தில் துளைமுனையான பிட் எந்தக் கல்லைக் கடிக்கிறது என்பதை, மேலே ராடு என்னும் துளைக்கம்பியில் கை வைத்தே சொல்லிவிடுவார்.

சேலத்துக் காது மருத்துவர் ஒரு காகிதத்தில் கோடு வரைந்து காட்டினார். கோடு மலையிறங்குவதுபோல இறங்கியது. “இடது காது முடிஞ்சுபோச்சு. இன்னும் ரெண்டு வருஷம் அந்த வண்டிப் பக்கத்துல நின்னீங்கன்னா வலது காதும் இப்படித்தான்” என்றார். தங்கமுத்துவின் மனைவி ராமாயி அந்தக் காகிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். ரிக்குக்குப் போகிறேன் என்று அவர் பேச்செடுத்தால் வெளியே எடுப்பதற்கு.

அப்படித்தான் நாற்பத்தி நாலாவது வயதில் அவர் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். கல்லூரி ஏற்காட்டு மலையடிவாரத்தில் இருக்கிறது. கொண்டப்பநாயக்கன்பட்டியில் வாடகைக்கு வீடு பிடித்தார். படிப்பு பத்தாம் வகுப்பு. ஆனால் விளம்பரத்தில் ‘கேஸ் சிலிண்டர், அழுத்தமானி பழகிய ஆள்’ என்றுதான் போட்டிருந்தது. நேர்முகத்தில் பேராசிரியை நித்யஸ்ரீ ஒரே கேள்விதான் கேட்டார்: இந்தக் குழாய்களில் எங்கோ கசிகிறது, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? முன்னால் வந்த நான்கு பேரும் கருவிகளின் பெயரைச் சொல்லியிருந்தார்கள். இவர், “ஒரு சோப்பும் ஒரு டம்ளர் தண்ணியும் குடுங்க மேடம்” என்றார். பத்து நிமிடத்தில் ஒரு நட்டின் ஓரத்தில் நுரை குமிழ்விட்டது.

“நாளைக்கே வந்துருங்கண்ணா” என்றார் நித்யஸ்ரீ. அவரும் நாமக்கல் பக்கம்தான்.

அந்த ஆய்வகத்தில் வளர்ப்பது கார்பன் நானோகுழாய்கள். கரியால் ஆன குழாய்கள். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஆயிரக்கணக்கில் அடங்கிவிடும். எஃகைவிட வலுவானவை, மின்சாரத்தைக் கடத்துபவை. இதையெல்லாம் தங்கமுத்துவுக்கு விளக்கியவன் ஆய்வு மாணவன் ஜெகதீஸ்வரன். ஆத்தூர்க்காரன். வாய் ஓயாதவன்.

“வளர்க்கறதுக்கு மூணு வழி இருக்குண்ணா. ரெண்டு கரிக்கம்பிய நேருக்கு நேர் வச்சு நடுவுல கரண்ட்ட பாய்ச்சி பொறி பறக்க விடறது ஒண்ணு.”

“வெல்டிங்கு.”

“அட, அதேதான். லேசரால கரிக்கட்டிய அடிச்சு ஆவியாக்கறது ரெண்டாவது.”

“அது பணக்காரன் வெல்டிங்கு.”

“மூணாவது நம்மளுது. இது விவசாயம்ணா. சிலிக்கான் வில்லை மேல இரும்ப மெல்லிசா பூசி உலைக்குள்ள வச்சா, சூட்டுல அந்தப் பூச்சு பொடிப்பொடி மணியா உடையும். அதுதான் விதை. எத்திலீன் வாயுவ உள்ள விட்டா, அதுல இருக்கற கரி ஒவ்வொரு மணிலேந்தும் முடியாட்டம் முளைச்சு நிக்கும். கோடிக்கணக்குல, பக்கத்துல பக்கத்துல. அதனால நாங்க அதைக் காடுன்னு சொல்றது.”

“காட்டுக்குத் தண்ணி வேண்டாமா?”

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் தண்ணீர் உண்டு. வளரும்போது இரும்பு மணிகளின் மேல் வேண்டாத கரி படிந்து மூச்சடைத்துவிடும். மிகமிகச் சிறிதளவு நீராவி அந்தக் கரியைத் தின்று மணியைத் திறந்து வைக்கும். கொஞ்சம் கூடினால் மணியையே கெடுத்துவிடும். அதற்காக ஆர்கான் வாயுவின் ஒரு கிளையைத் தண்ணீர் நிறைந்த சின்னக் குப்பிக்குள் குமிழ்விட்டு அனுப்புவார்கள். போகிறபோக்கில் அது ஈரத்தை எடுத்துக்கொண்டு உலைக்குள் போகும்.

சொல்ல எளிது. மூன்று வருடங்களாகக் காடு உயரவில்லை. ஒருநாள் அரை மில்லிமீட்டர் வரும். அதே அளவுகள், அதே வில்லை, அன்று மதியமே அதில் கால்வாசிதான் வரும். ஏன் என்று தெரியவில்லை. திட்டத்துக்கு நிதி கொடுத்தவர்கள் தெளிவாக எழுதிவிட்டார்கள்: தீபாவளி கழிந்து நான்காம் நாள் குழு வரும். அவர்கள் கண் முன்னால் ஒரு மில்லிமீட்டர் வளர்த்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் திட்டம் முடிந்தது, உலை வேறு ஊர்க் கல்லூரிக்குப் போய்விடும். உலை போனால் உலை ஓட்டுகிறவருக்கு அங்கே என்ன வேலை?

ரிக் முதலாளி காளியண்ணன் வாரம் தவறாமல் ஃபோன் செய்துகொண்டிருந்தார்.

“ஏன்டா தங்கமுத்து, இன்னும் அந்தப் புள்ளைங்ககூட அடுப்பூதிட்டுத்தான் இருக்கறயா? ஜபல்பூருக்கு வண்டி நிக்குது. ஆபரேட்டர் இல்ல. உனக்குன்னு சீட்டு வெச்சிருக்கறேன்.”

“தீபாவளி போகட்டுங்கண்ணா, சொல்றேன்.”

அவரால் காளியண்ணனிடம் ‘இல்லை’ என்று சொல்ல முடிந்ததில்லை. அந்த வலது காதில்தான் ஃபோனை வைத்துப் பேசுவார்.

ஆயுத பூஜை வந்தது. ஆய்வகத்தைக் கழுவி, பம்புக்கும் கணினிக்கும் சந்தனம் வைத்தார்கள். உலைக்குள் இருப்பது நாலடி நீளக் குவார்ட்ஸ் குழாய். பார்வைக்குக் கண்ணாடி, ஆனால் கண்ணாடி உருகி ஓடும் சூட்டிலும் அசையாது. வில்லையை அதற்குள் வைத்துத்தான் வாயுவை விடுவார்கள். தங்கமுத்து அதை வெளியே உருவி வாழையிலை மேல் கிடத்தினார். ரிக்கில் பிட்டுக்கு எப்படிப் போடுவாரோ அப்படியே, திருநீற்றைக் குழைத்து மூன்று விரலால் பட்டை போட்டார். நடுவில் பொட்டு. நித்யஸ்ரீ கற்பூரம் காட்டினார். ஜெகதீஸ்வரன் பொரியை அள்ளி அள்ளித் தின்றான். மறுநாள் காலையில் தங்கமுத்து ஈரத்துணியால் குழாயைத் துடைத்துப் பழையபடி உலைக்குள் செருகினார். பிறகு வழக்கம்போல, உள்ளே படிந்த கரியை எரித்துச் சுத்தம் செய்ய ஆயிரத்து நூறு டிகிரியில் பகல் முழுக்க உலையை ஓட்டினார்கள்.

ஆறும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம். தங்கமுத்துவுக்குக் கேட்கவில்லை. ஜெகதீஸ்வரன் ஓடி வந்தான்.

உருவிப் பார்த்தார்கள். தண்ணீர்போல இருந்த குழாயில் ஒரு பக்கமாக மூன்று வெள்ளைக் கோடுகள், பால் ஊற்றியதுபோல. நடுவில் ஒரு வட்டம். வட்டத்தின் குறுக்கே விரிசல்.

“என்ன மேடம் இது, குழாய் பட்டை போட்டுக்கிட்டு நிக்குது?” என்று சிரிக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“நாந்தானுங்க மேடம்” என்றார் தங்கமுத்து. “பூஜைக்குப் போட்டேன். தொடச்சேன். தொடச்சா போயிருமுன்னு நெனச்சேன்.”

நித்யஸ்ரீ குழாயை வெளிச்சத்தில் பிடித்தபடியே மெதுவாகச் சொன்னார். சாம்பலில் உப்புகள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்ட கொஞ்சமே போதும். அந்தச் சூட்டில் அந்த இடம் மட்டும் குவார்ட்ஸ் வேறு விதமாக உறைந்து வெளுத்துவிடும். ஆறும்போது அந்த இடமும் மற்ற இடமும் ஒரே அளவில் சுருங்காது. விரிசல் விட்டுவிடும்.

“அண்ணா, வெறுங்கையால தொடாதீங்கன்னு எத்தனை தடவை…” என்று ஜெகதீஸ்வரன் ஆரம்பித்தான். குரல் ஏறியது. “மூணு வருஷம்ணா!”

“இரு ஜெகா.” நித்யஸ்ரீ நாற்காலியில் உட்கார்ந்தார். “கற்பூரம் காட்டுனது யாரு? நாந்தானே. கைரேகை பட்டாலே கெட்டுப்போகும்னு வகுப்புல சொல்றவ நான். அன்னைக்கு அந்தப் பட்டையப் பாத்துட்டு, அழகா இருக்குதுன்னு கும்புட்டுட்டு நின்னேன். நீ அதுக்கு எதுர்ல நின்னு பொரி தின்ன. நம்ம மூணு பேருல யாருக்குத் தோணுச்சு?”

யாருக்கும் தோன்றவில்லை. இயந்திரத்துக்குப் பட்டை போட்டிருப்பது எந்தக் கண்ணுக்கும் உறுத்தாத ஊர் இது.

புதிய குழாய் வர ஐந்து வாரம் என்றார்கள். குழு வர மூன்று வாரம்தான் இருந்தது.

தங்கமுத்து அன்று வீட்டுக்குப் போய் ராமாயியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் வலப்பக்கம் வந்து உட்கார்ந்து, “செஞ்சது செஞ்சாச்சு. நாளைக்குப் போயி என்ன பண்ணலாமுன்னு பாருங்க. ஜபல்பூரு பேச்ச மட்டும் இந்த ஊட்டுல எடுக்காதீங்க” என்றாள்.

காலையில் அவர் அளவு நாடாவோடு போனார். வெளுத்த இடத்திலிருந்து கடைசிவரை அளந்தார்.

“மேடம், நாலடியில ஒரு பக்கம் ஒண்ணேகாலடிதான் கெட்டுப்போயிருக்குது. அத வெட்டி வீசிட்டா மிச்சம் நல்ல ராடுங்க. ரிக்குல ராடு மரை போச்சுன்னா முழு ராடையுமா வீசறோம்?”

“குவார்ட்ஸ யாருங்கண்ணா வெட்டித் தருவாங்க?”

“கல்லு வெட்டறவங்க இல்லாத ஊரா நம்முளுது?”

ராமாயி கொடுத்த போர்வையில் குழாயைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். கண்டக்டர் குனிந்து பார்த்தார். “என்னுங்க, நாதஸ்வரமா? எங்க கச்சேரி?”

“ஓமலூர் ரோட்டுலீங்க.”

அங்கே குமரகுருவின் கிரானைட் பட்டறை. வைரத்தூள் பதித்த சக்கரம், அதன்மேல் ஓயாமல் வழியும் தண்ணீர். குமரகுரு குழாயைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். “சாமி, சமையக்கட்டு மேடை வெட்டறவனுங்க நான். ஒடஞ்சா என்னைச் சொல்லப்படாது.”

“என்ன ஓட்ட உடுங்க. ஒடஞ்சா நானாச்சு.”

தங்கமுத்து கையுறை போட்டு, குழாயை மரச் சட்டத்தில் படுக்க வைத்து, சக்கரத்தில் பட்டும் படாமலும் கொடுத்து, மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தார். சத்தத்தைக் கேட்டுச் செய்ய வேண்டிய வேலை. இவர் கையால் கேட்டார். அதிர்வு கொஞ்சம் மாறினால் விலக்கினார், சீரானதும் மறுபடி கொடுத்தார். நாற்பது நிமிடம். பட்டறையில் மற்ற சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. எல்லோரும் வந்து சூழ்ந்து நின்றார்கள். பட்டையும் பொட்டும் இருந்த துண்டு தனியாகக் கழன்று சாக்கின்மேல் விழுந்தது. மிச்சக் குழாயின் விளிம்பு நிலாவிளிம்புபோல முழுசாக இருந்தது.

“யோவ்” என்றார் குமரகுரு. “இங்கயே வேலைக்கு வந்துருய்யா.”

“இதோட எனக்கு மூணாவது வேலைங்க” என்று சிரித்தபடி தங்கமுத்து போர்வையைச் சுற்றினார்.

நித்யஸ்ரீ அமிலத்தில் அலசிக் கொடுத்தார். ஆனால் குட்டையான குழாயில் வேறு ஒரு சிக்கல். முன்பு உலைக்கு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த பகுதி அதிகம், முனைகள் ஆறிக் கிடக்கும். இப்போது முனையை மூடும் ரப்பர் வளையங்களே பொசுங்கும் தூரம். தங்கமுத்து பழைய ஃப்ரிட்ஜின் செப்புக் குழாயை அந்த முனைகளில் சுற்றினார். ஏர்கூலர் பம்பு ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டுக் குழாய் வழியே சுழலவிட்டார். வாளி வைக்க மேசையில் இடம் வேண்டும். உலை வாயோரம் மூன்று வருடமாக இருந்த தண்ணீர்க் குப்பியை எடுத்து, சுவரோரம் தரையில் வைத்து, நீளமான எஃகுக் குழாயால் இணைத்தார். லாரிக்காரர்கள் தண்ணீர்க் கேனுக்குச் சுற்றுவதுபோல அதற்கும் ஈரச் சாக்கைச் சுற்றினார்.

“அண்ணா, அதுக்கு எதுக்கு சாக்கு? குடிக்கவா போறோம்?” என்றான் ஜெகதீஸ்வரன்.

“கெடந்துட்டுப் போவுது. தண்ணின்னா சில்லுன்னு இருக்கோணும்.”

முதல் ஓட்டம். எழுநூற்றைம்பது டிகிரி, எத்திலீன் பத்து நிமிடம். எடுத்துப் பார்த்தால் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். உடைந்த குழாய்க்கு இதுவே பெரிது என்று விட்டுவிட்டார்கள். மதியம் இரண்டாவது ஓட்டம். அதே உயரம். மறுநாள் மூன்றாவது. அதே. நான்காவது முடிந்து நுண்ணோக்கியில் குனிந்த ஜெகதீஸ்வரன் நிமிரவே இல்லை.

“மேடம், நாலும் ஒண்ணு. மூணு வருஷத்துல ரெண்டு ஓட்டம் ஒண்ணா வந்ததில்ல.”

நித்யஸ்ரீ உலையைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். எது மாறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தவர், சுவரோரம் வந்ததும் நின்றார். மண்டியிட்டு ஈரச் சாக்குக்குள் கையை விட்டார்.

“தங்கமுத்துண்ணா, முன்ன மேசை மேல இருந்தப்ப இந்தக் குப்பி எப்படி இருக்கும்?”

“காலையில சில்லுன்னு இருக்குங்க. மத்தியானம் டீ கிளாஸாட்டம் சுடும். உலையொட்டியே இருந்துச்சல்லங்க.”

நித்யஸ்ரீ தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் சூடேறினால் ஆவி பெருகும். உலையின் அனல் நாளெல்லாம் குப்பியைச் சுட்டுக்கொண்டிருந்தது. காலையில் உலைக்குள் போன ஈரம் வேறு, மதியம் போனது வேறு. கருவியில் திருகி வைத்த எண் மட்டும் ஒன்றாகவே இருந்தது.

“இத ஏன் ஒரு நாள்கூடச் சொல்லல நீங்க?”

“நீங்க கேக்கவே இல்லீங்களே மேடம். நானும் அது அப்படித்தான் இருக்கோணும்போலன்னு உட்டுட்டேன்.”

ஜெகதீஸ்வரன் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். அவனுடைய ஆய்வேட்டில் ‘விளங்காத மாறுபாடு’ என்று ஒரு முழு அத்தியாயம் இருந்தது.

இப்போது ஈரம் ஒரே அளவில் நின்றது. அந்த அளவு எது என்பதுதான் மிச்சம். ஜெகதீஸ்வரன் குறைத்துக்கொண்டே போகலாம் என்றான். தங்கமுத்து தயங்கித் தயங்கிச் சொன்னார்: “நாஞ் சொல்றது தப்பா இருந்தாலும் இருக்குங்க. துளை போடும்போது வெறுங்காத்த மட்டும் விட்டா தூசி பறக்கும், பரவால்ல. நெறையத் தண்ணி விட்டாலும் கழுவிட்டு வந்துரும். அரகொறையா ஈரமாச்சுன்னா தூசி சேறாகி ராடச் சுத்திப் புடிச்சுக்கும். அப்ப கொறச்சா ஆவாது. ஒரு படி ஏத்தோணும். கூட்டிப் பாக்கலாங்களா?”

நித்யஸ்ரீ பழைய ஓட்டங்களின் அளவுகளைப் புரட்டினார். “இங்கயும் அதே கணக்குதான்னு சொல்ல முடியாதுண்ணா. ஆனா நாம கூட்டிப் பாத்ததே இல்ல.”

ஒரு படி கூட்டினார்கள். முக்கால் மில்லிமீட்டர். இன்னொரு படி. தீபாவளிக்கு மறுநாள், ஊர் பட்டாசுக் காகிதத்தில் கிடக்க, வில்லையை வெளியே எடுத்தபோது நுண்ணோக்கியே தேவைப்படவில்லை. வழவழப்பான வில்லையின்மேல் கறுப்பு வெல்வெட் ஒன்று ஓரம் வெட்டி வைத்ததுபோல நின்றது. பக்கவாட்டில் பிடித்தால் வெறுங்கண்ணுக்கே உயரம் தெரிந்தது. அதற்கும் மேல் ஒரு படி கூட்டினார்கள், பொசுக்கென்று குறைந்தது. திரும்பப் பழைய இடத்துக்கே வந்தார்கள்.

குழு வந்தது. மூன்று பேர். செப்புக் குழாய்ச் சுற்றையும் கூலர் பம்பையும் சாக்கையும் பார்த்து அவர்களில் மூத்தவர் புருவத்தைத் தூக்கினார். “இதுதான் உங்கள் அமைப்பா?”

“இதுதான் சார்” என்றார் நித்யஸ்ரீ. “ஓட்டுபவர் தங்கமுத்து.”

தங்கமுத்து நட்டுகளில் நுரை தடவிப் பார்த்தார். ஆர்கான் திறந்தார், ஹைட்ரஜன் திறந்தார், சூடு ஏறக் காத்திருந்தார். கையை எஃகுக் குழாயின்மேல் வைத்தபடி எத்திலீனைத் திறந்தார். பத்து நிமிடம் ஓடியது. ஆறியதும் இடுக்கியால் வில்லையை எடுத்து நீட்டினார்.

நுண்ணோக்கித் திரையில் ஜெகதீஸ்வரன் அளவுகோலைப் பொருத்தினான். ஒன்று புள்ளி ஒன்று மூன்று மில்லிமீட்டர்.

மூத்தவர் சிரிக்கவில்லை. “ஒரு தடவை யாருக்கும் அமையும். சாப்பிட்டுவிட்டு வருகிறோம். இன்னொன்று வளர்த்துக் காட்டுங்கள்.”

மதியம். மூன்று வருடமாக ஒவ்வொரு நாளும் காடு குட்டையாகிப்போன அதே மதியம். தங்கமுத்து சாப்பிடப் போகவில்லை. சாக்கில் தண்ணீர் தெளித்தார், வெப்பமானியைப் பார்த்தார், இன்னொரு வில்லையை உள்ளே தள்ளினார்.

ஒன்று புள்ளி ஒன்று இரண்டு.

ஜெகதீஸ்வரன் எண்ணைச் சத்தமாகப் படித்தான். பிறகு இடப்பக்கம் நிற்கிறோம் என்று ஞாபகம் வந்து, சுற்றி ஓடி வந்து வலது காதில் மறுபடி கத்தினான். “ஒண்ணு புள்ளி ஒண்ணு ரெண்டுண்ணா!”

“கத்தாதடா, அந்தக் காதாவது இருக்கட்டும்!”

மூத்தவர் இப்போது சிரித்துவிட்டார். நாற்காலியைத் தங்கமுத்துவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, தண்ணீர் விஷயத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னார். தங்கமுத்து உட்காராமல் நின்றபடியே சொன்னார். துளையில் சேறு பிடிப்பதுவரை வந்தபோது மற்ற இருவரும் குறிப்பேட்டைத் திறந்திருந்தார்கள். ஒருவர் நடுவில் நிறுத்தி, “ராடு என்றால்?” என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

உலை இங்கேயே இருக்கும், இன்னும் நான்கு வருடம் என்று பத்து நாளில் கடிதம் வந்தது. கூடவே, நித்யஸ்ரீ கேட்டிருந்த தொழில்நுட்ப உதவியாளர் பணியிடமும். படிப்புத் தகுதி என்ற இடத்தில் பத்தாம் வகுப்பு என்றும், அதன்கீழே ‘துளையிடும் இயந்திரத்தில் இருபத்திரண்டு ஆண்டு அனுபவம்’ என்றும் நித்யஸ்ரீ தன் கையாலேயே எழுதி அனுப்பியிருந்தார். எழுதி முடித்திருந்த ஆய்வுக் கட்டுரையில் மூன்று பெயர்கள் இருந்தன. நடுவில் இருந்தது தங்கமுத்துவுடையது. தங்கமுத்து அதைத் தன் கைப்பேசியில் படம் பிடித்து ராமாயிக்கு அனுப்பினார். அவள் திரும்பக் கூப்பிட்டு, “எல்லாம் இங்கிலீசுல இருக்குது, உங்க பேரு எதுன்னு வட்டம் போட்டு அனுப்புங்க. மேல் ஊட்டுக்காரிகிட்டக் காட்டோணும்” என்றாள்.

வட்டம் போட்டுக்கொண்டிருந்தபோதே காளியண்ணன் கூப்பிட்டார்.

“தீபாவளி போயிருச்சு முத்து. திங்கக்கிழமை வண்டி கெளம்புது. வாரயா?”

தங்கமுத்து ஃபோனை வலது காதில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். மலைப்பாதையில் ஒரு பஸ் முதல் வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. நன்றாகக் கேட்டது.

“வேற ஆளப் பாருங்கண்ணா. நான் வரல.”

“அப்படி என்னடா வளக்கறீங்க அங்க?”

“கரிதானுங்கண்ணா. ஒரு மில்லி.”

“ஆயிரம் அடி எறக்குன ஆளு நீ. ஒரு மில்லியா?”

“அதுக்கு மேலயே வந்துருச்சுங்க” என்றார் தங்கமுத்து. “உள்ள உலை சூடாயிருச்சு. வெக்கறேங்கண்ணா.”